சொங்னாம்: ஏழு பட்டமும் ஒரு நகராட்சியும்

கடற்கரைக்காற்று:

வேறொரு இழையில், "கிளப்பை முதலாளி கைவிட்டால் ஊரே எடுத்து நடத்தணும், கொரியாவில் சொங்னாம் செய்த மாதிரி" என்று ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. அங்கே பாதியில் சொல்லி விட மனமில்லாமல் தனி இழையாகப் போடுகிறேன்.

தென்கொரியக் கால்பந்து அணியான சொங்னாம் எஃப்சியின் கதையைத் தெரியாதவர்களுக்காக: 1989-ல் சியோலில் இல்ஹ்வா என்ற கம்பெனி தொடங்கிய அணி இது. ஜின்செங் சரக்கும், மெக்கால் என்ற பார்லி பானமும் விற்கிற கம்பெனி. அதற்குப் பின்னால் மூன் சன்-மியுங் என்ற மதத்தலைவர் தொடங்கிய யூனிஃபிகேஷன் சர்ச். பணத்துக்குப் பஞ்சமில்லை. 1993, 94, 95 மூன்று வருடமும் லீக் சாம்பியன். 2001, 02, 03 திரும்பவும் அதே மாதிரி மூன்று. 2006-ல் ஏழாவது பட்டம். ஆசிய சாம்பியன் பட்டம் இரண்டு தடவை, 1995-லும் 2010-லும்.

2014-ல் சொங்னாம் நகராட்சி கைக்கு வந்தது. அன்று முதல் இன்று வரை ஒரே ஒரு எஃப்ஏ கோப்பை (லீக்குக்கு வெளியே நடக்கும் நாக்-அவுட் போட்டி). 2016-ல் இரண்டாம் பிரிவுக்கு இறங்கி, 2018-ல் ஏறி, 2022-ல் மறுபடி இறங்கியது. இன்னும் மேலே வரவில்லை. இதற்குப் பெயர் காப்பாற்றுவதா?

யாதாப்வாசி:

அண்ணா, பட்டங்களை எல்லாம் சரியாக எண்ணிவிட்டு, 2013-ஐ மட்டும் தாண்டிப் போய்விட்டீர்கள். கதையே அந்த ஒரு வருடத்தில்தான் இருக்கிறது.

மூன் 2012 செப்டம்பரில் இறந்தார். அவர் போனதும் அந்தக் குழுமத்துக்குக் கால்பந்தில் இருந்த ஆசையும் போய்விட்டது. 2013-ல் கையைக் கழுவ முடிவு செய்தார்கள். வாங்க ஆளில்லை. அணி ஆன்சான் நகரத்துக்குப் போகிறது என்ற பேச்சு அடிபட்டது. ரசிகர்கள் தெருவுக்கு வந்து போராடினார்கள். அப்போதைய மேயர் லீ ஜே-மியுங் அக்டோபர் 2-ம் தேதி நகரமே ஏற்கிறது என்று அறிவித்தார். அன்றைக்கு யாரும் எட்டாவது பட்டத்தை மேசையில் வைத்துப் பேரம் பேசவில்லை. அணி ஊரில் இருக்குமா இருக்காதா என்பதுதான் பேச்சு.

நான் ஆராய்ச்சி வேலையாக 2015 முதல் நான்கு வருடம் அந்தப் பக்கம் இருந்தவன். யாதாப் நிலையத்தில் இறங்கி நடந்தால் தான்சொன் மைதானம். சுற்றி ஓட்டப்பாதை இருப்பதால் ஆட்டம் கொஞ்சம் தள்ளித்தான் தெரியும். 2016 நவம்பர் 20 அன்று அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் பிரிவு அணியான காங்வோனுடன் பிளேஆஃப், யார் முதல் பிரிவில் இருப்பது என்று முடிவு செய்யும் இரண்டு ஆட்டம். அவர்கள் ஊரில் நடந்த முதல் ஆட்டம் 0-0. இங்கே முதல் பாதியிலேயே காங்வோன் ஒரு கோல் போட்டது. பிறகு சொங்னாம் சமன் செய்தது. 1-1. மொத்தம் சமமானால் வெளியூரில் அதிக கோல் போட்ட அணிக்கு வெற்றி என்ற கணக்கில் சொங்னாம் கீழே. விசில் அடித்ததும் என் பக்கத்து இருக்கைப் பெரியவர் கழுத்திலிருந்த துண்டைக் கழற்றி மடித்து மடியில் வைத்துக்கொண்டார். அது இல்ஹ்வா காலத்து மஞ்சள் துண்டு. நகர அணியின் நிறம் கறுப்பு. அவர் மேலே போட்டிருந்ததும் கறுப்பு ஜெர்சிதான். கூட்டம் பாதி கலைந்த பிறகும் எழுந்திருக்கவில்லை. அந்த மனுஷரிடம் போய் 'உங்கள் அணியை ஊர் எடுத்திருக்கவே கூடாது' என்று என்னால் சொல்ல முடியாது.

ஓய்வுபெற்ற கணக்கர்:

தம்பி, பெரியவர் துண்டை மடித்தது மனசைத் தொடுகிறது. ஆனால் நான் முப்பது வருடம் உள்ளாட்சிக் கணக்குப் பார்த்தவன். என் கண் வேறு இடத்துக்குப் போகிறது.

கம்பெனி அணிக்கு ஒரு முதலாளி. நகர அணிக்கு நாலு வருடத்துக்கு ஒரு முதலாளி. மேயர்தான் கிளப்பின் தலைவர். பணம் ஒவ்வொரு வருடமும் நகர மன்றத்தில் ஓட்டுப் போட்டு வர வேண்டும். மேயர் மாறினால் கிளப் மீதான பார்வையும் மாறும். சொங்னாமில் அதுதான் நடந்தது. 2022-ல் வேறு கட்சி மேயர் வந்தார். வந்த சில வாரத்திலேயே கிளப்பை விற்பது பற்றிப் பேச்சு எடுத்தார். அணி லீக்கில் கடைசி இடத்தில் திணறிக்கொண்டிருந்த நேரம் அது. வீரர்கள் பயிற்சி செய்வார்களா, அடுத்த வருடம் சம்பளம் வருமா என்று யோசிப்பார்களா? ரசிகர்கள் திரும்பவும் பதாகை தூக்க வேண்டியிருந்தது. ஒன்பது வருடத்தில் இரண்டாம் தடவை.

ஸ்பான்சர் விஷயம் இன்னும் மோசம். நகரத்தில் கட்டட அனுமதி, நில வகை மாற்றம் போன்ற சலுகைகளுக்குப் பதிலாகக் கம்பெனிகளிடம் கிளப்புக்குப் பணம் வாங்கினார் என்று 2023 மார்ச்சில் முன்னாள் மேயர் லீ ஜே-மியுங் மீது குற்றப்பத்திரிகை தாக்கலானது. அவர் மறுக்கிறார். தீர்ப்பு வரவில்லை. இடையில் 2025 ஜூனில் அவர் நாட்டின் அதிபராகிவிட்டார். குற்றம் உண்மையா பொய்யா என்பது கோர்ட்டின் வேலை, அதற்குள் நான் போகவில்லை. நான் கேட்பது இது: அனுமதி கொடுக்கிற கையும் ஸ்பான்சர் கேட்கிற கையும் ஒன்றாக இருக்கலாமா? மேயர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடி ஒரு கம்பெனியிடம் "எங்க அணிக்குக் கொஞ்சம் உதவுங்க" என்றால் அது வேண்டுகோளாகவா காதில் விழும்?

ஊதாச்சட்டை:

நான் ஆன்யாங் என்ற இன்னொரு நகர அணியின் கட்சி. இதைச் சொல்லாமல் போக முடியாது.

1996-ல் லீக் நிர்வாகம் சியோலில் இருந்த மூன்று அணிகளையும் வெளியூருக்கு அனுப்பியது. இல்ஹ்வா சொனான் போனது (அங்கிருந்துதான் 2000-ல் சொங்னாம் வந்தது), எல்ஜி ஆன்யாங் போனது, இன்னொன்று புச்சொன். எட்டு வருடம் ஆன்யாங் மக்கள் எல்ஜி அணியைத் தங்கள் பிள்ளையாக நினைத்தார்கள். 2004-ல் கம்பெனி மூட்டையைக் கட்டிக்கொண்டு சியோலுக்குத் திரும்பியது. இன்றைய எஃப்சி சியோல் அதுதான். 2006-ல் புச்சொன் அணி ஜேஜு தீவுக்கே போனது. கேட்க நாதியில்லை. கம்பெனி சொத்து, கம்பெனி இஷ்டம்.

ஆன்யாங் ஒன்பது வருடம் அணி இல்லாமல் கிடந்தது. ரசிகர்கள் விடாமல் கேட்டுக் கேட்டு, 2013-ல் நகரத்தின் அணியாக எஃப்சி ஆன்யாங் பிறந்தது. ஊதா நிறம். பதினோரு வருடம் இரண்டாம் பிரிவில் கிடந்து, 2024-ல் அதன் சாம்பியனாகி மேலே வந்தது. 2025 பிப்ரவரியில் சியோல் உலகக் கோப்பை மைதானத்துக்கே போய் எஃப்சி சியோலை எதிர்கொண்டது. 1-2 தோல்வி. அன்று ஊதா சட்டையோடு போனவர்களில் 2004-ல் அழுத பிள்ளைகளும் இருந்திருப்பார்கள். கடற்கரை அண்ணே, உங்கள் கணக்குப்படி ஆன்யாங்குக்கு ஒரு பெரிய பட்டம்கூட இல்லை. ஆனால் நாளைக்குக் காலையில் அந்த அணி வேறு ஊருக்கு ஓடிவிடாது. சொங்னாமும் அப்படித்தான்.

கடற்கரைக்காற்று:

ஓடாது, சரி. ஆனால் மெதுவாகத் தேயலாம் அல்லவா? அதைத்தான் சொல்கிறேன்.

குவாங்ஜுவைப் பாருங்கள். நகர அணி. 2024-25 ஆசிய சாம்பியன்ஸ் லீக்கில் ஜப்பானின் கோபே அணியிடம் முதலில் 0-2 தோற்று, திரும்பி வந்து 3-0 அடித்துக் கால் இறுதிக்குப் போனது. பயிற்சியாளர் லீ ஜொங்-ஹியோ அவ்வளவு அருமையாக உழைத்தார். அதே நேரத்தில் அலுவலகத்தில் என்ன நடந்தது? ஒரு வீரர் மாற்றத்துக்குக் கட்ட வேண்டிய சுமார் 3,000 டாலரைக் கட்டாமல் விட்டார்கள். ஃபிஃபா புது வீரர்களைப் பதிவு செய்யத் தடை போட்டது. தடை இருப்பதே தெரியாமல் ஆட்களைச் சேர்த்து ஆட வைத்தார்கள். மைதானத்தில் ஆசியத் தரம், அலுவலகத்தில் கடிதத்தைப் பிரித்துப் பார்க்க ஆளில்லை. இது நகர அணிகளின் நோய்.

மறுபக்கம் தேஜொன். அதுவும் நகர அணியாக இழுத்துக்கொண்டு கிடந்ததுதான். 2020-ல் ஹானா நிதிக் குழுமத்துக்குக் கை மாறியது. 2022-ல் முதல் பிரிவுக்கு ஏறியது, 2025-ல் லீக்கில் இரண்டாம் இடம். ஊரும் மாறவில்லை, மைதானமும் மாறவில்லை. சொங்னாமுக்கு இந்த வழியை ஏன் பார்க்கக் கூடாது?

யாதாப்வாசி:

தேஜொன் நல்ல உதாரணம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விற்க ஓர் அணி உயிரோடு இருந்ததால்தான் ஹானாவால் வாங்க முடிந்தது. அதுவரை அதைத் தாங்கியது யார்? ஊர்தானே.

நகரம் எடுத்த முதல் வருடத்தையும் கொஞ்சம் விரிவாகச் சொல்லணும், ஏனென்றால் "ஒரே ஒரு கோப்பை" என்று ஒற்றை வரியில் முடித்துவிட்டீர்கள். முதல் பயிற்சியாளராக வந்தவர் பார்க் ஜோங்-ஹ்வான். 1993-95 மூன்று பட்டமும் அவர் கொடுத்தது. ஏப்ரலில் வீரர்கள் மீது கை வைத்தார் என்ற புகாரில் பதவி விலகினார். அதற்குப் பிறகு தற்காலிக ஆட்கள் வந்து போய், செப்டம்பரில் கிம் ஹக்-பொம் வந்தார். 2006 பட்டம் அவருடையது. லீக்கில் தரமிறக்கத்தின் விளிம்பு. அந்த நிலையில் எஃப்ஏ கோப்பை அரையிறுதியில் ஜொன்புக்கைப் பெனால்டியில் வெளியேற்றினார்கள். நவம்பர் 23 அன்று இறுதிப் போட்டி, எதிரி எஃப்சி சியோல், அதுவும் சியோலின் சொந்த மைதானத்தில். 120 நிமிடம் கோல் இல்லை. பெனால்டியில் 4-2. அடுத்த வருடம் ஆசியாவில் சீனாவின் குவாங்சோ எவர்கிராண்டைச் சொந்த ஊரில் 2-1 வென்றார்கள். அந்தக் காலத்து எவர்கிராண்டின் செலவு எவ்வளவு, சொங்னாமின் செலவு எவ்வளவு! அங்கே போய் 0-2 தோற்று வெளியே வந்தது வேறு விஷயம்.

ஓய்வுபெற்ற கணக்கர்:

அந்த 2015 ஜெர்சியை நினைவிருக்கிறதா தம்பி? நெஞ்சில் கம்பெனிப் பெயர் இல்லை. ஏழைகளின் வாராக்கடனை வாங்கித் தள்ளுபடி செய்கிற இயக்கத்தின் பெயர் இருந்தது. அன்று படித்தபோது எனக்கே மனசு நிறைந்தது. பிறகு பார்த்தால் அந்த இயக்கம் வழியாக வந்த ஸ்பான்சர் பணமும் வழக்கில் சேர்ந்திருக்கிறது. நல்ல எண்ணத்தோடு செய்த காரியமாகவே இருக்கட்டும், நெஞ்சில் இருந்த பெயர் இன்று நீதிமன்றக் காகிதத்தில் இருக்கிறது. அணிக்கும் மேயருக்கும் நடுவில் சுவர் இருந்திருந்தால் இது வந்திருக்காது.

2016 கொடிப் பந்தயமும் எனக்குப் பிடிக்கவில்லை. சொங்னாம் மேயரும் சுவோன் மேயரும் தோற்கிறவர் மைதானத்தில் ஜெயித்தவர் கொடி என்று பந்தயம் கட்டினார்கள்.

யாதாப்வாசி:

ஐயா, அதில் மட்டும் நான் உங்களோடு மோதியே ஆக வேண்டும்! மார்ச்சில் சுவோனில் நடந்த அந்த முதல் ஆட்டம் 1-1. இரண்டு சின்ன நகர அணிகளின் ஆட்டத்துக்கு அப்படி ஒரு கூட்டத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. ஜூலையில் தான்சொனில் சுவோன் 2-1 ஜெயித்தது. அவர்கள் கொடி எங்கள் மைதானத்தில் ஏறியபோது வயிறு எரிந்தது. எந்தக் கம்பெனி விளம்பரமும் அந்த எரிச்சலைக் கொடுத்ததில்லை. இது எங்கள் ஊர் என்று அன்றுதான் எனக்கே தோன்றியது, நான் வெளிநாட்டுக்காரன்.

ஓய்வுபெற்ற கணக்கர்:

அந்த வருடக் கடைசியில் இரண்டு அணியும் சேர்ந்தே கீழே இறங்கின. மேயர்கள் கொடிக்குக் கொடுத்த கவனத்தை அணிக்குக் கொடுத்தார்களா?

சரி, என் நிலைப்பாட்டைத் தெளிவாகச் சொல்கிறேன். 2013-ல் ஊர் எடுத்தது தவறில்லை. எடுத்த பிறகு மேயர் மேசையிலேயே வைத்திருந்ததுதான் தவறு. தேகு 2002-ல் மக்களுக்குப் பங்கு விற்றுத் தொடங்கிய அணி, கொரியாவின் முதல் குடிமக்கள் அணி. அங்கேயும் தலைவர் நாற்காலி மேயருக்குத்தான். பங்கு வைத்திருப்பவர் கையில் பத்திரம் இருக்கிறது, முடிவு இல்லை.

ஊதாச்சட்டை:

தேகு மக்களிடம் அந்தப் பத்திரம் வெறும் காகிதமா என்று கேளுங்க ஐயா. 2019-ல் ஊருக்கு நடுவில் 12,000 பேர் உட்காரும் மைதானம் திறந்தார்கள். ஓட்டப்பாதை கிடையாது, புல்தரையை ஒட்டியே இருக்கை. தளம் அலுமினியம். எல்லாரும் ஒன்றாகக் காலால் தட்டினால் இடி மாதிரி கேட்கும். முந்தைய வருடம்தான் உல்சானை வீழ்த்தி எஃப்ஏ கோப்பை எடுத்திருந்தார்கள். 2025-ல் கடைசி இடம் பிடித்து இறங்கிவிட்டார்கள், உண்மைதான். ஆனால் சொங்னாமுக்கு ஒரு பாடம் இருந்தால் அந்த மைதானத்தில் இருக்கிறது. தான்சொனில் ஓட்டப்பாதைக்கு அப்பால் உட்கார்ந்து எத்தனை வருடம்தான் கத்துவது?

கடற்கரைக்காற்று:

கணக்கர் ஐயா சொன்ன இடத்துக்கு நான் பாதி தூரம் வருகிறேன். 2013-ல் வேறு வழி இல்லை என்பதை ஏற்கிறேன், தலைப்புப் பதிவில் அதை விட்டது என் பிழை. ஆனால் வாங்குகிற கம்பெனி கிடைக்கிற அன்று, ஊரை விட்டுப் போகக் கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு கொடுத்துவிட வேண்டும். இதில் மாற்றமில்லை.

யாதாப்வாசி, ஒன்று கேட்கணும். அந்தப் பெரியவர் அடுத்த வருடம் இரண்டாம் பிரிவு ஆட்டங்களுக்கு வந்தாரா?

யாதாப்வாசி:

வந்தார் அண்ணா. மார்ச்சிலேயே, அதே இருக்கை, அதே மஞ்சள் துண்டு. 2004 ஆசிய இறுதியில் சொங்னாம் சவுதியின் ஜெட்டாவில் 3-1 ஜெயித்துவிட்டு ஊருக்கு வந்து 0-5 தோற்ற கதையை அன்றைக்குத்தான் என்னிடம் சொன்னார். நான் கொரியன் அரைகுறை, அவர் விரலை மடக்கி மடக்கி ஐந்து கோலையும் காட்டினார். நிபந்தனையோடு விற்பது பற்றி நீங்கள் சொன்னதை யோசித்துப் பார்க்கிறேன். அந்த நிபந்தனையை மீறினால் யார் தடுப்பது என்பதை மட்டும் எழுதுங்கள், அங்கிருந்து தொடரலாம்.