புதுப்பிப்பு: காரில் குழந்தை, நியூயார்க் டவுன் கோர்ட் வழக்கு

குழந்தையைக் காரில் விட்டுவிட்டுக் கடைக்குள் போன நண்பர் மீது நியூயார்க் மாநிலத்தில் வழக்குப் போட்டதைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். என்ன ஆச்சு என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள்.

போட்டது நியூயார்க் தண்டனைச் சட்டத்தின் பிரிவு 260.10, குழந்தையின் நலனுக்கு ஆபத்து விளைவித்தல். அதிகபட்சம் 364 நாள் சிறை. முதல் வழக்கு, குழந்தைக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பதால் ஏ.சி.டி. (தள்ளுபடி செய்யும் நோக்கத்தோடு வழக்கை ஒத்திவைப்பது) கொடுத்தார்கள். ஆறு மாத ஒத்திவைப்பு, பெற்றோர் வகுப்பு, புதிதாக எதிலும் மாட்டக் கூடாது. அரசுத் தரப்பு திரும்ப எடுக்காவிட்டால் வழக்கு தானாகத் தள்ளுபடியாகும், ஆவணத்துக்கும் சீல். குற்றத்தை ஒப்புக்கொள்ளவே வேண்டியதில்லை.

விசாவில் இருப்பவர்களுக்கு இந்தக் கடைசி விஷயம்தான் உயிர்நாடி. "ஜெயில் இல்லைன்னா ஒத்துக்கிட்டுப் போயிடலாமே" என்றார் நண்பர். வக்கீல் விடவில்லை. 2016ல் குடியேற்ற மேல்முறையீட்டு வாரியம் இதே பிரிவைக் குழந்தை வதைக் குற்றமாகத் தீர்ப்பளித்திருக்கிறது. ஒரு நாள்கூட சிறை இல்லாவிட்டாலும் நாடு கடத்த அது போதும். வழக்கைப் பார்க்கும் டவுன் கோர்ட் (உள்ளூர் நீதிமன்றம்) நீதிபதி சட்டம் படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இங்கே கிடையாது. தயவுசெய்து வக்கீல் இல்லாமல் போகாதீர்கள். வசதி இல்லையென்றால் கோர்ட்டிலேயே கேளுங்கள், நியமிப்பார்கள்.

குழந்தைகள் பாதுகாப்புத் துறை விசாரணை தனி. 60 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். விசாரிக்க வந்த பெண் அதிகாரி ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தார், குழந்தை படுக்கிற இடத்தைப் பார்த்தார். ஆதாரமில்லை என்று கடிதம் வந்துவிட்டது.