அம்மாவின் ஈறு அறுவைச் சிகிச்சை: அனுபவமுள்ளவர்களிடம் ஓர் உதவி

அனைவருக்கும் வணக்கம். திருவையாற்றில் வசிக்கும், 62 வயதாகும் என் அம்மாவுக்குக் கீழ்வரிசையில் ஈறு இறங்கி, பல் துலக்கும்போதெல்லாம் இரத்தம் கசிவதால், அடுத்த வாரம் தஞ்சாவூரில் ஈற்றைத் திறந்து வேர்ப்பகுதியைச் சுத்தம் செய்து தையல் போடவிருக்கிறார்கள். சர்க்கரை நோய் இருப்பதால் இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியை முதலில் பார்த்தார்கள். இதயத்துக்காக உட்கொள்ளும் ஆஸ்பிரினை நாமாக நிறுத்தக் கூடாது என்றும் சொன்னார்கள். தையல் பிரிக்கும் வரை, அதாவது 7 முதல் 10 நாள், அந்த இடத்தில் துலக்காமல் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி மருந்து கொண்டு வாய் கொப்பளிக்க வேண்டுமாம்.

என் கவலையெல்லாம் கும்பகோணம் வெற்றிலையைப் பற்றியது. 40 ஆண்டுகளாகச் சாப்பாடு முடிந்ததும் காம்பு கிள்ளிச் சுண்ணாம்பு தடவும் அந்த விரல்களை எப்படித் தடுப்பேன்? இதே சிகிச்சையைக் கடந்தவர்கள், வெற்றிலையை எவ்வாறு விட்டீர்கள் என்றும், ஆறிய மோர்க்கஞ்சி தவிர, சர்க்கரை ஏறாமல் பசியாற என்ன சாப்பிட்டீர்கள் என்றும் தயவுசெய்து எழுதுங்கள்.