சினிமா கேசினோ: கண்ணை உறுத்திய அந்த ஒரு காட்சி

படங்களில் வரும் சூதாட்டக் காட்சிகளில் நிஜத்துக்குப் பொருந்தாமல் உங்களை உறுத்தியது எது என்ற கேள்விக்கு வந்த பதிவுகள்.

பதிவு 1

காசாபிளாங்கா (1942). பல்கேரியத் தம்பதி, ரூலட் மேசை (எண் போட்ட சக்கரத்தில் பந்தைச் சுழற்றும் ஆட்டம்), பந்தயம் எண் 22-ல். பந்து அதில் விழுகிறது. எடுக்காதே, அங்கேயே விடு என்கிறார் கேசினோ முதலாளி ரிக். மறுபடியும் 22. ஒற்றைப் பூஜ்யச் சக்கரத்தில் 37 குழிகள். சொன்ன எண் அடுத்தடுத்து இரண்டு முறை விழ 1,369-ல் ஒரு வாய்ப்பு. சக்கரம் சுற்றுகிறவர் ரிக்கின் ஆள், அதைப் படமே மறைக்கவில்லை. அதனால் அது குறையே இல்லை.

உறுத்துவது "அங்கேயே விடு" என்ற அந்த நொடிதான். ஜெயித்த எண்ணுக்கு ஒன்றுக்கு 35 வீதம் டீலர் (மேசையை நடத்தும் ஊழியர்) உங்கள் பக்கம் தள்ளுவார். எண்ணின் மேல் நிற்பது முதலில் வைத்த சிப் (பணத்துக்குப் பதிலான வில்லை) மட்டுமே. 35-ஐயும் அதே எண்ணில் ஏற்ற வேண்டுமானால் நீங்களேதான் எடுத்து வைக்க வேண்டும். ஒற்றை எண்ணுக்கு மேசையில் எழுதியிருக்கும் உச்சவரம்பு பெரும்பாலும் அதற்கு இடம் கொடுக்காது.

இன்னொன்று. பந்து விழுந்ததும் ஜெயித்த எண்ணின் மேல் டீலர் ஒரு குமிழை வைப்பார். தோற்ற சிப்களை முதலில் வாரி, பிறகு பட்டுவாடா. குமிழை எடுக்கும்வரை ஒரு கையும் விரிப்பில் படக் கூடாது. படங்களில் பந்து நிற்பதற்குள் சிப்களை அள்ளி மார்போடு அணைத்துக்கொள்கிறார்கள்.

பதிவு 2

போக்கர் சீட்டாட்டத்தில் வரும் வசனம்தான் எனக்கு. "உன் பந்தயத்துக்குக் கால்..." ஒரு இடைவெளி, புருவம் உயர்கிறது, "...அதுக்கு மேல பத்து லட்சம்!" நிஜ மேசையில் "கால்" (call, எதிராளி வைத்த அளவே நானும் வைக்கிறேன்) என்ற சொல் வாயிலிருந்து விழுந்ததுமே முடிந்தது. அந்தப் பத்து லட்சத்தை டீலர் திருப்பித் தள்ளிவிடுவார். ஏற்ற வேண்டுமானால் "ரெய்ஸ்" என்று முதலிலேயே சொல்ல வேண்டும். வாய் திறக்காமல் ஒரே ஒரு பெரிய சிப்பை வைத்தாலும் அது கால்தான்.

கார் சாவி, வீட்டுப் பத்திரம் எதுவும் செல்லாது. சீட்டுப் போடும்போது மேசையில் இருந்த பணம் மட்டுமே அந்த ஆட்டத்துக்கு.

பதிவு 3

கார் சாவிக்காக கேசினோ ராயலைக் (2006) குறை சொல்லாதீர்கள். அங்கே டீலர் முதலில் மறுக்கிறார். எதிராளி பணத்தை மீட்கட்டும் என்று பாண்ட் சம்மதிப்பதால்தான் சாவி உள்ளே வருகிறது.

அந்தப் படத்தின் கடைசி ஆட்டத்தைப் பேசுங்கள். ஒருவரிடம் ஃப்ளஷ் (ஐந்தும் ஒரே சின்னம்), இருவரிடம் ஃபுல் ஹவுஸ் (ஒரே மதிப்பில் மூன்று, கூட ஒரு ஜோடி), பாண்டிடம் இஸ்பேடில் 4 முதல் 8 வரை வரிசையாக, அதாவது ஸ்ட்ரெய்ட் ஃப்ளஷ். நான்கு பேர், கையிருப்பு வேறு வேறு. இப்படி எல்லாரும் மொத்தத்தையும் இறக்கினால் டீலருக்குப் பெரிய வேலை இருக்கிறது. 50, 60, 400, 400 என்று வைத்துக்கொள்ளுங்கள். தலா 50 சேர்ந்து முதல் குவியல் 200, அதில் நால்வருக்கும் உரிமை. அடுத்த குவியல் 30, மூவருக்கு. கடைசி 680, இரண்டு பேருக்கு மட்டும். 50 வைத்தவர் ஜெயித்தால் கிடைப்பது 200. சினிமா எல்லாவற்றையும் ஒரே மலையாகக் குவித்து நாயகனிடம் தள்ளிவிடும்.

பதிவு 4

பிளாக்ஜாக் சீட்டாட்டத்தில், வெளியே வந்த சீட்டுகளை மனதில் எண்ணுகிறவரின் தலைக்கு மேல் எண்கள் பறக்குமே, அதுதான். நிஜத்தில் கணக்கு இவ்வளவுதான். 2 முதல் 6 வரை கூட்டல் ஒன்று. 7, 8, 9 பூஜ்யம். 10, ஜாக்கி, ராணி, ராஜா, ஏஸ் கழித்தல் ஒன்று. கணக்கு கூட்டல் 8-ல் நிற்கிறது, இன்னும் நாலு கட்டு பாக்கி என்றால், எட்டை நாலால் வகுத்து 2. அந்த நிலையில் ஆடுகிறவருக்குச் சாதகம் சுமார் அரை சதவீதம். நூறு ரூபாய்க்குச் சராசரியாக ஐம்பது காசு! அதை ஒரே இரவில் லட்சங்களாகக் காட்டுவது பெரிய பொய்.

எண்ணிப் பிடிபட்டவரைப் பின்னறையில் அடித்து உதைப்பதும் சட்டம் தந்த உரிமை இல்லை. அமெரிக்காவின் நெவாடாவில் மனக்கணக்காக எண்ணுவது குற்றமே கிடையாது, கருவி வைத்து எண்ணினால்தான் குற்றம். ஆளை வெளியேற்றுவார்கள். திரும்பி வந்தால் அத்துமீறல் வழக்கு.

பதிவு 5

தீன் பத்தி, ஆளுக்கு மூன்று சீட்டு. வில்லனிடம் மூன்று ராஜா, நாயகனிடம் மூன்று ஏஸ். ஒரே ஆளுக்கு ஏதாவது ஒரு மூன்று ஒரே சீட்டு விழவே 425-ல் ஒரு வாய்ப்பு. இரண்டு பேருக்கும் ஒரே ஆட்டத்தில்?

குறும்படம் எடுக்கிறவர்களுக்கு ஒரு யோசனை, கேட்காமலே சொல்கிறேன். ஜோடிக்கு எதிராக கலர் (மூன்றும் ஒரே சின்னம், வரிசை இல்லாமல்) கொடுங்கள். ஜோடி ஆறில் ஒன்று, கலர் இருபதில் ஒன்று, இரண்டையும் நம்பலாம். சீட்டைப் பார்த்தவர், பிளைண்டில் (சீட்டைப் பார்க்காமல்) ஆடுபவரைப் போல இரண்டு மடங்கு போட வேண்டும். பதற்றம் இங்கேதான் பிறக்கிறது, பார்க்கலாமா வேண்டாமா என்று விரல் சீட்டின் ஓரத்தைத் தடவும்போது. ஷோ (சீட்டைக் காட்டு என்பது) கேட்பது இரண்டே பேர் மிஞ்சிய பிறகு. கேசினோ செட் போட்டால் பணத்தை டீலர் கையில் கொடுக்க வைக்காதீர்கள். நோட்டை விரிப்பில் வைக்க வேண்டும். அவர் ஒவ்வொன்றாகப் பரப்பி, மேலே இருக்கும் கேமராவுக்குத் தெரியும்படி எண்ணி, மேசைத் துவாரத்தில் தட்டையான கட்டையால் உள்ளே தள்ளுவார். மேசையை விட்டுப் போகும்போது கைகளைத் தட்டி, இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டிவிட்டுத்தான் நகர்வார். அதை ஒரு ஷாட் எடுங்கள்.