நெல்லை பெருமாள்புரத்தில் தாயில்லாத நான்கு நாய்க்குட்டிகள், யாரிடம் கொடுப்பது?

பெருமாள்புரம் தம்பி:
எங்கள் தெருவில் குட்டி போட்டிருந்த நாய், முந்தாநாள் ராத்திரி கார் மோதிச் செத்துவிட்டது. நான்கு குட்டிகள். கண் திறந்துவிட்டன, தத்தித் தத்தி நடக்கின்றன, பல்லும் முளைத்துவிட்டது. மூன்று பெட்டை, ஒரு கடுவன். ஐப்பசி மழை விடாமல் பெய்வதால் மாடிப்படிக்குக் கீழே அட்டைப்பெட்டியில் வைத்திருக்கிறேன். வாடகை வீடு. வீட்டுக்காரர் இந்த வாரம்தான் பொறுப்பாராம். பசும்பால் வைத்தேன், இரண்டுக்கு வயிற்றால் போகிறது. கடுவனுக்கு மட்டும் ஆள் இருக்கிறது. பெட்டைகளை என்ன செய்ய?

டவுன்காரர்:
மகாராஜநகர் உழவர் சந்தைப் பக்கம் விட்டுவிடுங்கள் தம்பி. எதையாவது தின்று பிழைத்துக்கொள்ளும்.

பாளை அக்கா:
அண்ணாச்சி, தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். அப்படி விட்ட குட்டிகளைத்தான் நாங்கள் பார்வோ என்ற வைரஸ் நோய் வந்த நிலையில் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். வாந்தி, ரத்தமாகப் பேதி, கண் குழிவிழுந்து, கையில் எடுத்தால் ஈரத்துணி மாதிரி தொங்கும். அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும். நிறையக் குட்டிகள் பிழைப்பதில்லை.

தம்பி, பசும்பாலை இப்போதே நிறுத்துங்கள், அது குட்டிக்குச் செரிக்காது. நாய்க்குட்டிக்கென்றே பால் பவுடர் விற்கிறது. பல் முளைத்துவிட்டதால் குட்டித் தீவனத்தை வெந்நீரில் ஊறவைத்துக் குழைத்தும் கொடுக்கலாம். ஒரேயடியாக வேண்டாம், கொஞ்சம் கொஞ்சமாக நாலைந்து வேளை. பாட்டிலில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, பழைய வேட்டியில் சுற்றிப் பெட்டிக்குள் வையுங்கள், ஒட்டிப் படுத்துக்கொள்ளும். பேதி நிற்காவிட்டால் ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோங்கள், நாளைக்கு என்று தள்ளாதீர்கள். வயிற்றுப் பூச்சிக்கு மருந்தும் அங்கேயே எடை பார்த்துக் கொடுப்பார்கள். ஆறு வாரத்துக்கு மேல் முதல் தடுப்பூசி. ஊசிகள் முடியும்வரை தெருநாய் நடமாடும் மண்ணில் விடவே கூடாது.

பெட்டைக் குட்டியை யாரும் எடுக்காததற்கு முக்கியக் காரணம், அது குட்டி போடும் என்ற பயம். அதனால் எடுக்கிறவரிடம் முதலிலேயே சொல்லிவிடுவோம்: ஆறு மாதம் வாக்கில் கருத்தடைக்குக் கூட்டிப்போய்க் கொண்டுவந்து விடுவது எங்கள் பொறுப்பு. சங்கம் எதுவும் கிடையாது, வேலை முடிந்து வந்து இதைப் பார்க்கிற நாலைந்து பேர்தான் நாங்கள். அப்புறம், வீட்டைப் பார்க்காமல் குட்டியைக் கொடுக்காதீர்கள். சோறு யார் வைப்பார், ஊருக்குப் போனால் யார் பார்ப்பார் என்று அந்த வீட்டுப் பெண்களிடம் கேளுங்கள். உண்மையான பதில் அவர்களிடம்தான் வரும்.

களக்காடு விவசாயி:
அக்கா, வாழைத்தோட்டத்தில் பன்றித் தொல்லை. காவலுக்குக் கடுவன் கிடைக்குமா?

பாளை அக்கா:
அண்ணாச்சி, பன்றியை விரட்ட நாயை ஏவாதீர்கள், குத்திக் கிழித்துவிடும். குரைத்து ஆளை எழுப்ப என்றால் சரி. அதற்குக் கடுவனை விடப் பெட்டைதான் நல்லது. கடுவன் வளர்ந்தால் பெட்டை தேடி ஊர் சுற்றும். கருத்தடை செய்த பெட்டை அவ்வளவாக அலையாது. ஒன்றுக்கு இரண்டாக எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்றுக்கொன்று துணையாக வளரும். ஆனால் உங்கள் தோட்டம் மலையடிவாரமா? அப்படியென்றால் சிறுத்தை வரும். ராத்திரி சங்கிலியில் கட்டிப்போட்டால் சிறுத்தைக்கு நாமே நாயைக் கொண்டுபோய்க் கொடுத்த மாதிரிதான். உள்ளே அடைக்க இடம் இருக்கிறதா?

களக்காடு விவசாயி:
அடிவாரம்தான். பம்புசெட் அறைக்கு இரும்புக் கதவு இருக்கிறது, ராத்திரி அதில் அடைக்கலாம். இரண்டு பெட்டையும் எடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா?

பாளை அக்கா:
அதற்கு முன் நான் தோட்டத்தை வந்து பார்த்துவிடுகிறேன், தப்பாக நினைக்காதீர்கள். தம்பி, கடுவன் கேட்பவர்கள் வீட்டுக்கும் போய்வாருங்கள். மிச்சம் ஒரு செவலைப் பெட்டை. பாளை, கேடிசி நகர் பக்கம் யாராவது எடுப்பீர்களா?