அம்மப்பாவின் பெட்டியில் கிடைத்த செப்புப் பென்னி: துலக்கலாமா?

வெள்ளவத்தை வாசகர்:
வணக்கம். அம்மப்பாவின் தகரப் பெட்டியில், பழைய இலங்கைச் சதங்களுக்கிடையே கனத்த செப்பு வில்லையொன்று கிடைத்தது. ஒரு பக்கத்தில் ஓக் இலை வளையத்துக்குள் முக்காடிட்ட தாடிக்கார முதியவரின் தலை. மறுபக்கத்தில் பின்னிப் பிணைந்த ஆங்கில எழுத்துகளும் 1787 என்ற ஆண்டும் உள்ளன. அரசர் உருவம் எங்குமில்லை. செட்டியார் தெரு நகைக்கடையில் நிறுத்தபோது 28 கிராம் இருந்தது. பழப்புளி போட்டுத் துலக்கும்படி அம்மா சொல்கிறார். இது என்ன நாணயம்? துலக்கலாமா?

செப்புக்காசு:
தயவுசெய்து புளியை அருகில் கொண்டுபோகாதீர்கள். நீங்கள் சொல்வது வேல்ஸின் ஆங்கிள்சித் தீவிலுள்ள பாரிஸ் (Parys) செப்புச் சுரங்க நிறுவனம் வெளியிட்ட ட்ரூயிட் பென்னியின் அடையாளங்கள். ட்ரூயிட் என்பது பண்டைய கெல்டியரின் மதகுரு; அந்த முதியவரின் தலை அவருடையதே. பிரித்தானிய அரச நாணயச்சாலை 1775க்குப் பின் செப்புக்காசு அடிப்பதை நிறுத்திவிட, சந்தையில் கள்ளக்காசு மலிந்து, தொழிலாளருக்குக் கூலி கொடுக்கவே சில்லறை இல்லாமற் போன நிலையில், அந்நிறுவனம் தன் சுரங்கத்துச் செப்பிலேயே, கொண்டுவருபவருக்கு ஒரு பென்னி தருவதாக வாக்களித்து இதை அடித்தது. பத்து ஆண்டுகள் கழித்து, 1797இல், அரசுக்காகப் பர்மிங்காம் ஆலை அதிபர் மத்தேயு போல்டன் அடித்த பென்னியும் இதே ஓர் அவுன்ஸ் எடைதான் என்பது எனக்கு இன்றும் வியப்பு. இப்போது விளிம்பைச் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். கேட்டவுடன் லண்டன், லிவர்பூல் அல்லது ஆங்கிள்சியில் பணம் கிடைக்கும் என்ற வாசகம் அங்கே பொறிக்கப்பட்டிருக்கும். ட்ரூயிட் தலையைப் பார்த்து அடித்த போலிகளும் பல உண்டு. ஆகையால் முகத்தைவிட விளிம்பையே முதலில் நம்புவேன்.

கொம்பனித்தெரு:
புளி பற்றி நானும் சொல்ல வேண்டும். இதே காலத்து அரைப்பென்னி ஒன்றை நான் துலக்கினேன்; இருநூறு ஆண்டுகளில் படிந்த பழுப்பு நிறம் சில நிமிடங்களில் போய், பச்சை இறைச்சியின் சிவப்பில் நின்றது. அது திரும்பவில்லை. செப்பில் படியும் பச்சை நிறத்தில், இறுகி மினுங்குவதால் தீங்கில்லை. தொட்டால் மாவாக உதிரும் வெளிர்பச்சையே செப்பை அரிப்பது, நம் கடற்காற்றின் உப்பும் ஈரமும் அதை வளர்க்கும். மென்மையான பிவிசி உறையைத் தவிர்த்து, அமிலமற்ற காகித உறையில் இட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள்.

பெட்டியை இன்னொரு முறை கிளறிப் பாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கொழும்புக் கோப்பி ஆலைகளும் இத்தகைய டோக்கன்களை வெளியிட்டிருக்கின்றன.

வெள்ளவத்தை வாசகர்:
மிக்க நன்றி. யன்னலோரம் வைத்துப் பார்த்தேன். லிவர்பூல் என்பதை முழுமையாகவும், ஆங்கிள்சியின் முதல் மூன்று எழுத்துகளையும் வாசிக்க முடிந்தது. அம்மாவுக்கும் காட்டினேன். துலக்கவில்லை.