வெளிநாட்டுக் குழுவோடு சேர்ந்து அறுவை ஆய்வு: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

நகரி சர்ஜன்:

நகரி, புத்தூர், சித்தூர் பக்கம் இருக்கும் நம் ஆட்கள் சிலர் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு ஆய்வு செய்கிறீர்கள் என்று தெரியும். நல்லது கெட்டது இரண்டையும் எழுதுங்கள். முதலில் என் கதை.

குடலில் ஓட்டை விழுந்து அவசரமாக வருகிறவர்களைப் பற்றி ஆய்வு செய்ய ஒரு குழு மெயில் போட்டது. கேள்வி, படிவம், புள்ளியியல் எல்லாம் அவர்களுடையது. கேஸ் ஷீட்டைப் பார்த்து நிரப்பி அனுப்புவது மட்டும் எங்கள் வேலை. படிவத்தில், சி.டி. ஸ்கேன் எடுத்த பிறகு எத்தனை மணி நேரத்தில் அறுவை நடந்தது என்று ஒரு கட்டம் இருந்தது. இங்கே வயிற்றைத் தொட்டுப் பார்ப்போம், நிற்க வைத்து ஒரு எக்ஸ்ரே எடுப்போம், உதரவிதானத்துக்குக் கீழே ஓட்டை வழியே கசிந்த காற்று தெரிந்தால் நேரே தியேட்டர்தான். எத்தனை நாள் வலியோடு வீட்டில் கிடந்தார், அதுவரை யாரிடம் ஊசி போட்டுக்கொண்டார் என்பதில்தான் பாதி உயிர் இருக்கிறது. அதற்குக் கட்டமே இல்லை. சேர்க்கச் சொன்னேன். ப்ரோட்டோகால், அதாவது ஆய்வுத் திட்டம், முடிவாகிவிட்டது என்று பதில் வந்தது. சரி, நன்றி என்று விலகிவிட்டோம்.

உலகில் 500 கோடிப் பேருக்குப் பாதுகாப்பான அறுவை சிகிச்சை எட்டவில்லை என்று 2015-இல் லான்செட் மருத்துவ இதழ் அமைத்த கமிஷன் சொன்னது. அதன் பிறகு நம் பக்கத்து நோயாளிகள் மேல் எல்லோருக்கும் அக்கறை வந்துவிட்டது. வரட்டும், எல்லாரையும் ஒரே தராசில் வைக்க மாட்டேன். ‘சீட்டா’ ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியா உட்பட 7 நாடுகள், 81 மருத்துவமனைகள், 13,301 நோயாளிகள். வயிற்றை மூடுவதற்கு முன் கையுறையையும் கருவிகளையும் மாற்றினால் புண்ணில் சீழ் பிடிப்பது குறையுமா என்பதுதான் கேள்வி. வழக்கம்போல மூடியவர்களில் தொற்று 18.9 சதவீதம், மாற்றி மூடியவர்களில் 16. 2022-இல் லான்செட்டில் வந்தது. படித்த மறுநாளே எங்கள் தியேட்டரில் செய்யக்கூடிய காரியம். அதற்கு முந்தைய வருடம் வந்த ‘ஃபால்கன்’ ஆய்வு, டிரைக்ளோசான் என்ற கிருமிக்கொல்லி பூசிய தையல்நூல் சாதாரண நூலைவிட மேல் இல்லை என்று காட்டியது. அந்த நூலை விற்க வரும் கம்பெனி ரெப்புக்குச் சொல்ல ஒரு பதில் கிடைத்தது!

புத்தூர் சிஸ்டர்:

சார், கேள்வி நல்லதாக இருந்தாலும் போதாது. நான் வேறொரு ஆய்வில் ஃபாலோ-அப் நர்ஸாக இருந்தேன். அறுவை முடிந்த 30-ஆம் நாள் நோயாளி நேரில் வர வேண்டும், புண்ணைப் பார்க்க வேண்டும் என்று விதி. எழுதியவருக்குத் தறிக்காரர் பிழைப்பு தெரியாது.

பள்ளிப்பட்டுப் பக்கத்து அண்ணன் ஒருவர், விசைத்தறி ஓட்டுபவர். அவர் கொடுத்திருந்த நம்பர் தறி ஓனருடையது. “ஷிஃப்ட்ல இருக்கான்மா, சாயங்காலம் பண்ணு” என்றார் ஓனர். சாயங்காலம் அவரே பேசினார். “வந்தா என்ன தருவீங்க சிஸ்டர்? ஒரு நாள் தறி நின்னா கூலி போச்சு. நைனாவுக்கு வேற மருந்து வாங்கணும்.” கடைசியில் மகனுடைய போனில் வீடியோ காலுக்கு வந்தார். பின்னால் தறி ஓடுகிற சத்தத்தில் பாதி பேச்சு கேட்கவில்லை. சட்டையைத் தூக்கிக் காட்டினார். தொப்புளுக்குக் கீழே தையல் போட்ட இடத்தில் பஞ்சை ஒட்டி வைத்திருந்தார். எடுக்கச் சொன்னேன், சீழ் கசிந்தது. ஊரில் ஒருவரிடம் தினமும் ஊசி போட்டுக்கொள்கிறாராம்.

இவரை ‘வரவில்லை’ என்று எழுதி மூடியிருந்தால் எங்கள் கணக்கில் ஒரு தொற்று குறைந்திருக்கும். இப்படி வராதவர்களையெல்லாம் விட்டுவிட்டால் எங்கள் மருத்துவமனையில் சீழே பிடிப்பதில்லை என்று பேப்பரில் வந்துவிடும்! பட்ஜெட்டில் டேப்லெட்டுக்குப் பணம் இருந்தது, பெரியவர்கள் மாநாட்டுக்குப் பறக்கப் பணம் இருந்தது. நோயாளியின் பஸ் கூலிக்கு ஒரு வரி இல்லை. அப்புறம், கட்டுரை வந்தபோது போன் போட்ட நர்ஸுகள் பெயர் நன்றி சொல்லும் பகுதியில்கூட இல்லை.

திருப்பதி பி.ஜி.:

சீட்டா மாதிரிக் குழுக்களில் கூட்டாகத்தான் பெயர் போடுகிறார்கள் சிஸ்டர். தரவு சேகரித்தவரும் ‘கொலாபரேட்டர்’ பட்டியலில் வருவார், மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளத்தில் தேடினால் கிடைக்கும். அடுத்த ஆய்வில் கையெழுத்துப் போடும் முன்பே இதைக் கேளுங்கள். ஆனால் இங்கே பதவி உயர்வுக்கு முன்வரிசைப் பெயர்தான் கணக்கு. அதனால் எங்கள் மருத்துவமனைத் தரவை வைத்து நாங்களே தனியாக ஒரு கட்டுரை எழுதிக்கொள்ள அனுமதி வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்தில் போடச் சொல்வேன்.

சித்தூர் வக்கீல்:

நான் டாக்டர் இல்லை. ஆய்வுகளுக்கு அனுமதி கொடுக்கும் மருத்துவமனை எத்திக்ஸ் கமிட்டியில் சட்டம் தெரிந்தவர் ஒருவர் இருக்க வேண்டும் என்பதால் உட்கார்ந்திருக்கிறேன். வெளிநாட்டுக் கூட்டு என்றால் எங்கள் அனுமதி மட்டும் போதாது, ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) வழியாக சுகாதார அமைச்சகத்தின் ஸ்கிரீனிங் கமிட்டிக்கும் போக வேண்டும். முதல் நோயாளியைச் சேர்க்கும் முன் இந்தியாவின் மருத்துவ ஆய்வுப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.-யில் பதிவும் வேண்டும். ஒரு குழு இதற்கெல்லாம் நேரமில்லை, இப்போதே ஆரம்பிக்கலாமே என்று கேட்டது. அவசரம் அவர்களுடைய நிதியாண்டுக்கு, நோயாளிக்கு இல்லை.

அதே குழுவின் ஒப்பந்தத்தில் நடுவில் ஒரு வரி: வெட்டியெடுத்த திசுவை எதிர்கால ஆய்வுகளுக்காகக் காலவரையின்றி வைத்துக்கொள்ளலாம். என்ன ஆய்வு, யார் அனுமதிப்பது, ஒன்றும் இல்லை. கடைசிப் பக்கத்தில், தகராறு வந்தால் அவர்கள் நாட்டு நீதிமன்றம். நகரி நெசவாளி கடல் தாண்டியா வழக்குப் போடுவார்? இரண்டையும் அடித்துத் திருப்பி அனுப்பினோம். ஒவ்வொரு புது ஆய்வுக்கும் எங்கள் கமிட்டிக்கு வர வேண்டும், தரவின் முழுப் பிரதி இங்கேயும் இருக்க வேண்டும், வழக்கு இந்திய நீதிமன்றத்தில் என்று எழுதிக் கேட்டோம். கொஞ்ச நாள் முணுமுணுத்துவிட்டு ஒப்புக்கொண்டார்கள். நம்மவர்கள் பலர் அந்தப் பக்கங்களைப் புரட்டுவதே இல்லை.

நகரி சர்ஜன்:

சிஸ்டர், பஸ் கூலி விஷயம். நோயாளியின் போக்குவரத்துச் செலவையும் போன கூலியையும் ஈடுகட்ட ஐ.சி.எம்.ஆரின் 2017 வழிகாட்டுதலில் இடம் இருக்கிறது. ஆசை காட்டி இழுக்கிற அளவுக்குப் போகக் கூடாது, தொகையை எத்திக்ஸ் கமிட்டி பார்த்து ஒப்ப வேண்டும், அவ்வளவுதான். இப்போது எங்களோடு இருக்கும் குழுவிடம் பட்ஜெட்டின் முதல் வரியாகவே அதைப் போட்டோம்: போகவர பஸ், ஒரு நாள் தறிக்கூலி, கூட வருகிறவருக்கு டிபன். தறி கதையைச் சொன்னதும் மறுக்கவில்லை. அவர்கள் கணக்குப் பிரிவுதான் ஒவ்வொன்றுக்கும் ரசீது கேட்கிறது. டவுன் பஸ் டிக்கெட்டை யார் ஒரு மாதம் பத்திரப்படுத்துவார்கள்? கையெழுத்து வவுச்சர் போதும் என்று பேசிக்கொண்டிருக்கிறோம், ரேகை வைப்பவருக்கு ஒரு சாட்சியோடு. வெளிநாட்டு ஆடிட்டர் ஏற்றுக்கொண்ட வவுச்சர் மாதிரி யாரிடமாவது இருந்தால் இங்கே போடுங்கள்.