கிதார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின் உங்களிடம் எந்த வழியாக வந்தார்?

இங்கே பலரும் அவருடைய ஜாஸ்-ராக் குழுவான மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவைக் கேட்டுத்தான் அவரிடம் வந்திருப்பீர்கள். நான் வந்தது கொன்னக்கோல் வழியாக, அதாவது தாளச் சொற்களை வாயால் சொல்லும் கலை வழியாக. மிருதங்க வகுப்பில் சீனியர் ஒருவர் ஒரு டிவிடி கொண்டுவந்தார். கஞ்சிராக் கலைஞர் செல்வகணேஷும் மெக்லாஃப்லினும் சேர்ந்து கொன்னக்கோல் சொல்லித்தரும் 'கேட்வே டு ரிதம்'. யார்க்ஷயர் ஊர்க்காரர் ஒருவர் கையில் தாளம் போட்டபடி தகதிமி, தகதகிட என்று சொல்வதைப் பார்த்து முதலில் சிரித்தோம். கோர்வை என்கிற முடிப்புக் கணக்கு பிசகாமல் தாளத்தின் முதல் அடியான சமத்தில் வந்து இறங்கியதும் சிரிப்பு நின்றுவிட்டது.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். 1970களின் தொடக்கத்தில், ஒருபக்கம் காதைப் பிளக்கும் ஓசையோடு மகாவிஷ்ணுவை நடத்திக்கொண்டே, மறுபக்கம் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றிருக்கிறார். சும்மா ஆசைக்கு இரண்டு ராகம் எடுத்து வாசிக்கிற ஆள் இல்லை.

*

தம்பி வீணை என்றதும் என் கதையையும் சொல்லிவிடுகிறேன். அவர் இந்தியக் கலைஞர்களோடு சேர்ந்து நடத்திய 'சக்தி' குழுவின் முதல் ஆல்பம் 1975இல் மேடையிலேயே பதிவானது. எல். சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபலா, விக்கு விநாயகராம் கடம், ராம்நாடு ராகவன் மிருதங்கம். அதைக் கேட்டபோது கிதாரில் சுரத்தை அசைத்து இழுக்கும் இந்தக் கமகம் எப்படி வருகிறது என்று எனக்குப் பிடிபடவே இல்லை.

விஷயம் கிதாரின் கழுத்தில் இருக்கிறது. கிதார் தயாரிப்பாளர் ஏப் வெக்டர் அவருக்காகச் செய்த கிதாரில் ஃப்ரெட்டுகளுக்கு (கழுத்தில் குறுக்கே பதித்த கம்பிகளுக்கு) நடுவே மரத்தைக் குழிவாகச் சீவியிருப்பார்கள். வீணையில் மெட்டுகள் உயர்ந்து நிற்பதால் தந்தியை இழுக்க இடம் கிடைக்கிறதல்லவா, அதே ஏற்பாடு. போதாததற்குக் குறுக்கே தனியாக ஏழு தந்திகள், கூடவே அதிர்வதற்கு. என் பழைய கிதாரின் கழுத்தையும் ஒரு பட்டறையில் கொடுத்து அப்படிச் சீவி வாங்கினேன். விரல் மரத்தைத் தொடாது. கொஞ்சம் அழுத்தினாலே சுருதி ஏறிவிடும். பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் கார்டு பிடித்தால் ஒவ்வொரு தந்தியும் ஒவ்வொரு பக்கம் போகும். மனிதர் அதை வைத்துக்கொண்டுதான் அந்த வேகத்தில் வாசித்திருக்கிறார்!

*

2023 ஜனவரியில் பெங்களூரில் சக்தியின் ஐம்பதாம் ஆண்டுச் சுற்றுப்பயணக் கச்சேரிக்குப் போயிருந்தேன். 1942இல் பிறந்தவர், அப்போது வயது 81. கையில் மூட்டுவாதம் என்று படித்திருந்ததால் பயந்துகொண்டேதான் போனேன். வேகம் முன்போல இல்லை என்று சிலர் சொல்லலாம். ஆனால் சங்கர் மகாதேவன் பாடியதும் அதே சங்கதியைக் கிதாரில் திருப்பிக் கொடுத்தாரே, அதில் ஒரு குறையும் இல்லை. மாண்டலின் ஸ்ரீனிவாஸ் இருந்த இடத்தில் அன்று கணேஷ் ராஜகோபாலனின் வயலின். அடுத்த ஆண்டு கிராமி விருது வாங்கினார்கள், அந்த ஆண்டு டிசம்பரில் ஜாகிரும் காலமாகிவிட்டார். போய்வந்தது நல்லதாயிற்று.

*

எல்லாம் சரி. எனக்கு அவரிடம் ஒட்டாதது அந்த வேகம்தான். 1980 டிசம்பரில் சான்பிரான்சிஸ்கோவில் கிதார் கலைஞர்கள் பாகோ டி லூசியா, அல் டி மியோலாவோடு வாசித்த பதிவைக் கேளுங்கள். யார் முதலில் ஓடி முடிப்பது என்று பந்தயம் நடக்கிறது. கூட்டமும் விசில் அடிக்கிறது.

*

சார், அந்த ஒரு ராத்திரியை வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம். 1969 பிப்ரவரியில், நியூயார்க் வந்து இறங்கிய சூட்டோடு, ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'இன் எ சைலன்ட் வே' பதிவுக்குப் போனார். கீபோர்டு கலைஞர் ஜோ ஜாவினுல் எழுதிய மெட்டு அது. அதிலிருந்த கார்டுகளை மைல்ஸ் கழற்றி எறிந்துவிட்டு, கிதார் வாசிக்கத் தெரியாதவன் மாதிரி வாசி என்றாராம். மெக்லாஃப்லினே பேட்டிகளில் இதைச் சொல்லியிருக்கிறார். அந்த மெட்டைத் தொடங்குவதே இவர் கிதார்தான். ஒவ்வொரு சுரமும் யோசித்து யோசித்து வருகிறது. முதலில் அதைக் கேளுங்கள், பிறகு வேகத்தைப் பற்றிச் சண்டை போடலாம்.